ஓலையில் இல்லாத பேர்

அம்மா,

இன்று காலை உன்னுடைய அந்தப் பழுப்புக் கரை போட்ட வெள்ளைச் சேலையைக் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். பெட்டிக்குள் கிடந்து கிடந்து அதில் அந்துருண்டை வாசம் ஏறிப்போயிருக்கிறது. உனக்கு வேறு சேலையா இல்லை என்று உன் மருமகன் கேட்டார். உன் பேத்திக்கு இன்று முதல் ஓலை வாசிக்கிறார்கள், அதைக் கேட்க எங்கள் அம்மாவும் வர வேண்டாமா என்று சொல்லிவிட்டு நான் முன்னால் நடந்தேன். வெயில் ஏற ஏற வாசமும் கூடியது. நீ பக்கத்திலேயே வருவது போல இருந்தது, அதுவும் உன் வழக்கமான வேகத்தில்.

ஓலை வாசிப்பது நம் ஆட்களுக்குப் புதிது இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை, பெண் வீட்டார் கோயிலிலும் மாப்பிள்ளை வீட்டார் கோயிலிலும், இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் விவாகம் நடக்கப்போகிறது, தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சபையைப் பார்த்துக் கேட்பார்கள். யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். பாதிப் பேர் அந்த நேரத்தில்தான் காணிக்கைக்குச் சில்லறை தேடுவார்கள். அந்தக் கேள்விக்கு எழுந்து நின்ற ஒரே ஒருத்தியைத்தான் நான் பார்த்திருக்கிறேன். அது நீ.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமையை ராஜாக்களிடமிருந்து தொடங்கினால்தான் சரியாக வரும்.

எண்பதுகளின் தொடக்கம். ராஜபாளையத்தில் நம் வீடு. சாயங்கால ஷிப்டுக்கு மில் சங்கு ஊதி அடங்கியதும் வீட்டு ஜெபம். வேதத்தை முதல் பக்கத்திலிருந்து வரிசையாக, ஆளுக்கு ஒரு வசனமாக வாசிக்க வேண்டும் என்பது அப்பா போட்ட சட்டம். அப்பா பஞ்சு வியாபாரி. கூமாப்பட்டிப் பக்கம் பஞ்சு பார்க்கப் போகிறேன், ஸ்ரீவில்லிபுத்தூரில் பஞ்சுப் பொதி ஏற்றுகிறார்கள் என்று வாரத்தில் பாதி நாள் வெளியே தங்குவார். ஊரில் இருக்கிற நாளில் ஜெபத்தை ஒரு நாளும் விட மாட்டார். நீ பேண்டேஜ் கம்பெனியில் சுருள் சுற்றும் பெண்களுக்கு மேஸ்திரி. துணித் தூசியைக் கழுவிவிட்டு வந்து உட்காருவாய். எனக்குப் பன்னிரண்டு பதின்மூன்று வயது இருக்கும்.

தாவீது ராஜாவை நான் ஞாயிற்றுப் பள்ளிக்கூடத்தில் கவண்கல்லோடு மட்டுமே பார்த்திருந்தேன். வீட்டு ஜெபத்தில் வாசிக்க வாசிக்க எனக்குத் திக்கென்றது. ஒரு ஊரில் ஒரு மனைவி, அடுத்த ஊரில் இரண்டு, எருசலேமுக்குப் போன பிறகு இன்னும் பலர். அதில் மீகாள் என்ற மூத்த மனைவியின் கதை வந்தது. ராஜா ஓடிப்போன காலத்தில் அவளை அவளுடைய தகப்பன் வேறொருவனுக்குக் கட்டிக்கொடுத்துவிட்டான். ராஜா பெரிய ஆளானதும் என் பெண்டாட்டியைத் திருப்பி அனுப்பு என்று ஆள் விட்டான். அவளோடு குடும்பம் நடத்திய அந்த மனுஷன் அழுதுகொண்டே வழி நெடுகப் பின்னால் போனானாம், போ என்று அதட்டிய பிறகுதான் திரும்பினானாம். அந்த வசனம் உன் முறைக்கு வந்தது. வாசித்துவிட்டு நிறுத்திக்கொண்டாய்.

"இத்தனை ராஜாக்கள் கதையில பொண்டாட்டிக்காக ரோட்டுல அழுத ஒரே ஆம்பளை இவன்தான். இவன் ராஜா இல்ல," என்றாய். அப்பா அடுத்த வசனத்துக்குப் போகச் சொன்னார்.

தாவீதின் மகன் சாலொமோன் என் முறைக்கு வந்து வாய்த்தார். எழுநூறு மனைவிமார், அது போதாமல் முந்நூறு மறுமனையாட்டிகள். நான் வாசித்ததை நானே நம்பாமல் விரலை வைத்துத் திரும்பவும் வாசித்தேன். மறுமனையாட்டி என்றால் என்ன என்று அப்பாவிடம் கேட்டேன்.

"அது வந்து... சம்பளம் இல்லாத வேலைக்காரி மாதிரின்னு வச்சுக்கோ," என்றார்.

"அப்பம் பொண்டாட்டின்னா?" என்று நீ கேட்டாய்.

அப்பா சிரித்தார். அப்பாவுக்கு நல்ல சிரிப்பு, அதையும் சொல்லிவிட வேண்டும். அந்தக் காலத்து ராஜாக்களுக்கு அது ராஜதந்திரம், பக்கத்து நாட்டு ராஜா மகளைக் கட்டினால் சண்டை வராது, எகிப்து ராஜா மகளுக்குத் தனி அரண்மனையே கட்டிக்கொடுத்தார் என்று விளக்கினார். நீ விரலை மடக்கிக் கணக்குப் போட்டாய். "ஆளுக்கு ஒரு நா போனாலும் மூணு வருசத்துக்கு ஒருக்காதான் ஒரு வீட்டுக்கு வருவாரு. அதுக்குள்ள பிள்ள நடந்துரும்." பிறகு இன்னொன்று கேட்டாய். "இம்புட்டுப் பேர்ல ஒருத்தி பேராச்சும் போட்டிருக்கா?"

போடவில்லை. அதற்கடுத்த ராஜாவின் கதை வந்தபோதுதான் உனக்குப் பதில் கிடைத்தது. ரெகொபெயாம் ராஜாவானான், அவன் தாயார் பேர் நாமாள் என்று ஒரு வரி. ஆயிரம் பேரில் அந்த ஒருத்திக்குத்தான் பேர், அதுவும் பெற்ற மகன் சிம்மாசனம் ஏறிய பிறகு. அதிலிருந்து யூதா ராஜா யார் வந்தாலும் அவனுடைய தாய் பேர் கூடவே வருவதை நீதான் கண்டுபிடித்தாய். வாசிப்பு முடிந்து பாத்திரம் கழுவும்போது என்னிடம் சொன்னாய்: "பொண்டாட்டி ஒருத்தியா இருந்தா எந்தத் தாய்னு எழுத வேண்டாம்லாட்டி. வீட்டுக்குள்ள கூட்டம், அதான் எழுதியிருக்கான்." நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ராஜாக்களே அப்படி இருந்தார்களா என்ற அதிர்ச்சியே எனக்குப் பல நாள் போதுமானதாக இருந்தது.

தொண்ணூறுகள் பிறந்து எனக்கு மாப்பிள்ளை பார்த்தீர்கள். மாமா ஒரு வரன் கொண்டுவந்தார். பையனுக்குக் கிருஷ்ணன்கோவில் காலேஜில் வேலை, வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், நம் சபைதான். எல்லாம் பொருந்தி வந்தது. அப்பா மட்டும் இழுத்தார்.

"ஸ்ரீவில்லிபுத்தூர் வேண்டாம். அங்க தண்ணி சரியில்ல. சாத்தூர் பக்கம் பாப்போம்."

"தண்ணியையா கட்டிக்கிடப் போறா?" என்றாய். மாமாவும் விடவில்லை. பாக்கு வெற்றிலை மாற்றினோம். ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் லெந்து தொடங்கிவிட்டால் கோயிலில் கல்யாணம் கிடையாது. அதனால் அதற்கு முன்னாலேயே முடித்துவிட வேண்டும் என்று ஊரிலுள்ள அத்தனை கல்யாணமும் ஒரே மூச்சில் வந்து முட்டிக்கொண்டிருந்தது.

முதல் ஓலை வாசிக்கிற ஞாயிற்றுக்கிழமை, ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலுக்குப் போய்க் கேட்போம் என்று நீ கிளம்பினாய். அப்பா வாசலை மறித்துக்கொண்டு நின்றார். பெண் தன் ஓலையைத் தானே கேட்கக் கூடாது, வழக்கம் இல்லை என்றார்.

"எந்த அதிகாரத்துல இருக்கு, எத்தனாம் வசனம்?" என்று கேட்டுக்கொண்டே நீ செருப்பை மாட்டினாய். அப்பாவுக்கு நம்மூர்க் கோயிலில் அன்றைக்கு வேதபாடம் வாசிக்கிற முறை. அவரால் கூட வரவும் முடியவில்லை, தடுக்கவும் முடியவில்லை. கம்பெனிப் பெண்கள் பால்கோவா கேட்டிருந்தார்கள், வரும்போது வாங்கிவர வேண்டும் என்று பஸ்ஸில் சொல்லிக்கொண்டு வந்தாய். நான் கல்யாணப் பெண் மாதிரி வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அரை மணி நேரப் பயணம்கூட இல்லை அம்மா. இருபது வருஷத்துக்கு மேல் அப்பா அந்தத் தூரத்தை நம்பியே வாழ்ந்திருக்கிறார்.

போதகர் அன்று ஊரில் இல்லை. ஏதோ கிராமத்தில் அசனப் பண்டிகை, சபை விருந்து என்று போயிருந்தார். அவருக்கு உதவியாக இருந்த உபதேசியார்தான் ஆராதனை நடத்தினார். பிறகு விசாரித்ததில் தெரிந்தது இது: ராஜபாளையத்தில் தன் பேரிலேயே இன்னொரு பஞ்சு வியாபாரி இருக்கிறார், ரெண்டு ஓலையும் சேர்ந்து வந்தால் ஜனங்கள் குழம்புவார்கள், வேறு வேறு ஆராதனையில் வாசித்துவிடுங்கள் என்று அப்பா போதகரிடம் சொல்லி வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா அந்தக் கோயில் பக்கமே போனதில்லை, போதகரும் நம்பியிருக்கிறார். உபதேசியாருக்கு அதெல்லாம் தெரியாது. கையில் இருந்த கத்தையை மேலிருந்து கீழ் வரை வாசித்துவிட்டார்.

முதலில் என்னுடையது. ராஜபாளையம், பஞ்சு வியாபாரி, அப்பா பேர் இனிஷியலோடு, அவர்களின் மூத்த குமாரத்தி என்று என் பேர். நீ என் தொடையைக் கிள்ளினாய். சந்தோஷம். அடுத்து ஏதோ ஒரு மாப்பிள்ளை பேர். அதற்கடுத்து, ராஜபாளையம், பஞ்சு வியாபாரி, அதே இனிஷியல், அதே பேர், அவர்களின் மூத்த குமாரத்தி. வேறொரு பெண்ணின் பேர்.

தப்பாகத் திரும்ப வாசிக்கிறார் என்றுதான் நான் நினைத்தேன். பெண்கள் பக்கம் சலசலப்பு வந்தது. எங்களுக்கு முன்வரிசையில் நீலச் சேலை கட்டிய ஒரு அம்மா தலையைக் குனிந்தார்கள். அவர்கள் பக்கத்தில் இருந்த பெண் சிரித்த முகத்தோடு, தன் பேர் வாசித்த பெருமையோடு, சும்மா திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் அப்பாவின் மூக்கு இருந்தது. என் மூக்கு. நான் கண்ணாடியில் தினமும் திட்டுகிற அதே மூக்கு. உன்னைப் பார்த்தேன். நீயும் அந்த மூக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய்.

தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று உபதேசியார் கேட்டுவிட்டு, வழக்கம்போல நிற்காமல் அடுத்த அறிவிப்புக்குப் போனார். நீ எழுந்தாய்.

"செத்த நேரம் நில்லுங்க ஐயா."

"தடைன்னா ஆராதனை முடிஞ்ச பொறவு வந்து சொல்லுங்கம்மா," என்றார் அவர்.

"கேள்விய சபையில கேட்டீய. பதிலையும் சபையிலயே சொல்லுதேன். ரெண்டு மூத்த குமாரத்தி வாசிச்சீய. ரெண்டு பேருக்கும் தகப்பன் ஒருத்தருதான். அவிய என் வீட்டுக்காரவிய."

எனக்கு அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது, இனி உன் வாயில்தான் எல்லாம் இருக்கிறது என்று. தடை என்று ஒரு சொல் சொன்னால் போதும், அந்தப் பெண்ணின் கல்யாணம் அன்றோடு நின்றுபோகும். அவளுக்கும் அது புரிந்துவிட்டது. சிரிப்பு முழுக்க வடிந்து அவள் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொல்கிறேன், நீ அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன்.

"பிள்ளைய கல்யாணத்துக்கு நான் தடை சொல்லல," என்றாய். "வாசிச்ச முறைதான் சரியில்ல. யூதா ராஜாக்கள் கதையிலகூட ராஜா பேரோட தாய் பேரையும் எழுதியிருக்கு. எவ பெத்த பிள்ளைன்னு தெரியணும்லா. இங்க தகப்பன் பேரை மட்டும் வாசிக்கப் போய்த்தான ரெண்டு மூத்த மக வந்து நிக்கா. தாய் பேரோட திருப்பி வாசிங்க."

"தாய் பேரு எழுதி வரலியேம்மா," என்றார் உபதேசியார். பாவம், அவருக்கு வேர்த்துவிட்டது.

நீ உன் பேரைச் சொன்னாய். கம்பெனியில் ஆள் பேர் கூப்பிடுகிற குரலில், பின்வரிசை வரை கேட்கிற மாதிரி. சொல்லிவிட்டு, "அந்தப் பிள்ளையோட அம்மா அவிய பேரைச் சொல்லட்டும்," என்றாய்.

நீலச் சேலைக்காரர் எழுந்திருக்கச் சற்று நேரம் பிடித்தது. அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ் என்று பிறகு தெரிந்தது. கூமாப்பட்டிப் பெண், பெண்டாட்டி செத்துப்போய்விட்டாள் என்று அப்பா சொன்னதை நம்பி வீட்டில் அவருக்குக் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். உன்னைச் செத்தவளாக்கிவிட்டுத்தான் அம்மா அவர் அந்தக் கல்யாணத்தைச் செய்திருக்கிறார். அந்த அம்மாவுக்கு அன்றுதான் நீ உயிரோடு இருப்பது தெரிந்தது. எழுந்து நின்று, திரும்பாமலே, தன் பேரைச் சொன்னார்கள். கேட்கவில்லை என்று பின்னாலிருந்து யாரோ ஒரு ஆண் குரல் கொடுத்தார்.

"எனக்குக் கேட்டுட்டு. நீங்க வாசிங்க ஐயா," என்றாய்.

உபதேசியார் இரண்டையும் தாய் பேரோடு திருப்பி வாசித்தார். நீ உட்கார்ந்தாய். பிறகு பாட்டுப் பாடினோம். நீயும் பாடினாய். அதுதான் என்னால் இன்றுவரை தாங்க முடியாத விஷயம். ஆராதனை முடிந்ததும் நேரே கடைக்குப் போய்ப் பால்கோவா வாங்கினாய். இப்பம் இது தேவையா என்று நான் அழுதேன். "கேட்டவளுவ என்ன பாவம் பண்ணுனாளுவ?" என்றாய். பஸ்ஸில் அந்தப் பொட்டலத்தை மடியில் வைத்து, ஊர் வருகிற வரைக்கும் நூல் முடிச்சை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டே வந்தாய்.

அப்பா ஈஸிச்சேரில் பேப்பரோடு இருந்தார். நீ பால்கோவாவை மேஜையில் வைத்தாய். "ஸ்ரீவில்லிபுத்தூர்ல உங்க மூத்த மகளப் பாத்தேன். நல்ல லட்சணமாத்தான் இருக்கா," என்றாய். அந்தப் பேப்பர் அன்று சாயங்காலம் வரை அவர் முகத்தை விட்டு இறங்கவில்லை.

மறுநாள் அவருக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. தாவீது ராஜாவைத் துணைக்கு அழைத்தார். "எத்தனை பேரக் கட்டுனாரு. கடவுள் அவரத் தள்ளிட்டாரா?"

"தள்ளல. அவரு பிள்ளைய ஒருத்தன ஒருத்தன் வெட்டிக்கிட்டுச் செத்தானுவளே, அதையும் சேத்துப் படிங்க. ராஜா நிறையப் பொண்டாட்டி கட்டப்பிடாதுன்னு முன்னமே எழுதியிருக்கு, அதையும் படிங்க." பிறகு, "அவியளாவது அடுத்த நாட்டோட சண்டை வரப்பிடாதுன்னு கட்டுனாவ. நமக்கு ஸ்ரீவில்லிபுத்தூரோட என்ன சண்டை?" என்றாய். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுதுகொண்டே சிரித்தேன். அப்பா எழுந்து வெளியே போனார்.

என் கல்யாணம் நிற்கும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அந்த வாரமே என் மாமியார் தனியாக வந்தார்கள். காப்பியைத் தொடாமல் உன் முகத்தைப் பார்த்துக் கேட்டார்கள்: "இன்னும் எத்தனை மூத்த குமாரத்தி இருக்காவ?"

"எனக்குத் தெரிஞ்சு இந்த ரெண்டு பேருதான். மத்தத அவியகிட்டக் கேட்டுச் சொல்லுதேன்," என்றாய்.

அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். காப்பியை எடுத்துக் குடித்தார்கள். இரண்டு கல்யாணமும் லெந்துக்கு முன்னால் நடந்தது, வேறு வேறு நாளில்.

நீ அப்பாவை விரட்டிவிடுவாய் என்று நினைத்தேன். அவரை வீட்டில் வைத்துக்கொண்டு நீ செய்தது அதைவிடப் பெரிது. உன் கட்டிலைப் பின்னறைக்கு மாற்றினாய். தாவீது தன் வீட்டுப் பெண்கள் பத்துப் பேரைச் சாகிற வரைக்கும் அறைக்குள் அடைத்துவைத்த கதையை நாம் வாசித்தது உனக்கு மறக்கவில்லை. "அவியள ராஜா பூட்டுனாரு. என் கதவுக்கு நானே தாழ்ப்பா போட்டுக்கிடுதேன்," என்றாய். அப்பாவிடம் சொன்னது ஒன்றே ஒன்று: "அங்க ஒரு பொம்பள ஏமாந்து நிக்கா. போங்க, வாங்க. இனிமே பஞ்சு பாக்கப் போறேன்னு மட்டும் சொல்லாதீய." சாயங்கால ஜெபத்தை நீ நிறுத்தவில்லை. ராஜாக்களை முதலிலிருந்து தொடங்கினாய். நான் பிறந்த வீட்டுக்கு வரும்போதெல்லாம் பார்ப்பேன், எங்கே தாய் பேர் வந்தாலும் அந்த வசனம் எப்படியோ அப்பா முறைக்கே வந்து விழும். அவர் மெதுவாக வாசிப்பார்.

தொண்ணூறுகள் முடிவதற்குள் அப்பா போய்விட்டார். நீலச் சேலை கட்டியிருந்த அந்த அம்மா அடக்கத்துக்கு மகளோடு வந்து வாசலில் தயங்கி நின்றபோது, பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுத்தாய். அன்று ராத்திரி உன்னிடம் கேட்டேன், உனக்கு முன்னமே தெரியும்தானே, அதனால்தானே சபையில் அப்படித் தயங்காமல் பேசினாய் என்று.

"தெரியாதுட்டி. தெரிஞ்சிருந்தா அழுது அழுது தொண்ட கட்டியிருக்கும். அம்புட்டு நல்லாப் பேசியிருக்க மாட்டேன்," என்றாய். நான் அன்றைக்கு அதிர்ந்ததுபோல அந்த ஞாயிற்றுக்கிழமைகூட அதிரவில்லை. கேட்ட மாத்திரத்தில், தொடையைக் கிள்ளிய அதே கையை ஊன்றி எழுந்து, நீ அத்தனையையும் அந்த நிமிஷத்தில்தான் யோசித்திருக்கிறாய்.

இன்று என் பக்கத்தில் தங்கச்சி, அந்த நர்ஸ் அம்மாவின் மகள், உட்கார்ந்திருந்தாள். நாங்கள் ராஜபாளையத்தில் உன் வீட்டுக்கே குடிவந்துவிட்டாலும் அவள் இன்னும் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான், முதல் பஸ்ஸில் வந்துவிட்டாள். சேலையை முகர்ந்துவிட்டு, "பெரியம்மா சேலையாக்கா?" என்றாள். உன் பேத்தியை மூத்த குமாரத்தி என்று வாசித்ததும் என் காதில், "மச்சான்கிட்ட நல்லா விசாரிச்சிட்டியா?" என்று கேட்டாள். அவளுக்கும் மூக்கு மட்டும் இல்லை, வாயும் நம் வீட்டு வாய்தான், எங்கிருந்து வந்ததோ.

இப்போது நம் பக்கத்துக் கோயில்களில் ஓலையைத் தாய் பேரோடுதான் வாசிக்கிறார்கள். இந்தச் சின்ன வயதுப் போதகருக்கு அது எப்போது, யாரால் வந்தது என்று தெரியாது. என் பேரையும் வாசித்தார். வாசித்துவிட்டு, தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்றார். பாதிப் பேர் காணிக்கைக்குச் சில்லறை தேடினார்கள். அந்த இடைவெளியில் நான் உன் பேரைச் சொன்னேன், யாருக்கும் கேட்காதபடி, வாய்க்குள்ளேயே. பக்கத்தில் தங்கச்சி உதடு அசைந்தது. அவள் தன் அம்மா பேரைச் சொன்னாள்.

எனக்குக் கேட்டுவிட்டது அம்மா.